நிகழ்ச்சி நிரலில் இல்லாத நாய்கள்

கலவரங்களுக்குப் பிறகு அஸ்வானுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவது அடியோடு நின்றுபோனது. படகுகள் கரையில் கிடந்து காய்ந்து வெடித்தன. குதிரை வண்டிக்காரர்கள் குதிரைகளை விற்றார்கள். பாரம்பரிய அனுபவ மேம்பாட்டு வாரியம் மட்டும் அசையவில்லை. வாரியத்துக்குப் பயணிகள் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. பயணிகளைப் பற்றிக் கூட்டம் போட ஓர் அறைதான் தேவைப்பட்டது. அந்த அறையில் உட்கார்ந்து அது 'நூபியாவில் ஒரு நாள்' என்றொரு சுற்றுலாவைத் தயாரித்தது. காலையில் நூபிய வீடு, நண்பகலில் பழங்கோயில், மாலையில் ஏரியில் படகு. கெய்ரோவிலிருந்து உதவிச் செயலர் லுத்ஃபி, மரியாதையாகச் சொன்னால் லுத்ஃபி பே, நேரில் வந்து நாள் முழுக்கப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பார்ப்பதற்கு எல்லாம் தயார். பார்க்கிறவர்கள்தான் இல்லை.

ஆகவே வாரியத்தின் இயக்குநர் டாக்டர் முனீப், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு, கோம் ஓம்போ பக்கத்திலிருந்த குடியேற்ற ஊருக்கு வந்து இறங்கினார். அணை கட்டி ஆறு ஏரியானபோது மூழ்கிப்போன நூபிய ஊர்களின் ஜனங்களைக் கொண்டுவந்து நட்ட இடம் அது. நூல் பிடித்தாற்போல் சிமெண்டு வீடுகள். ஆறு கண்ணுக்கு எட்டாத தொலைவில் ஓடியது.

"எங்களுக்கு நாப்பது சுற்றுலாப் பயணிங்க வேணும்" என்றார் முனீப், விருந்தினர் மண்டபத்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்து. "நடிக்கல்லாம் வேண்டாம். சும்மா பார்த்தாப் போதும். ஆனா முதல் தடவையாப் பார்க்கிற மாதிரிப் பார்க்கணும்."

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஃபிக்ரிக்கு ஒன்றும் புரியவில்லை. எதையும் கழற்றிப் பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்புகிற மனிதர் அவர், வயது ஐம்பத்தெட்டு.

"டாக்டர், நாங்க நூபியாக்காரங்க. எங்களை நூபியாக்காரங்களாவே வெச்சுக்கிட்டா ஆகாதா?"

"அந்த இடமெல்லாம் நிரம்பிருச்சு, ஹாஜ். நூபியாக்காரங்களா இருக்கிறதுக்குக் கெய்ரோ நாடகப் பள்ளியிலேர்ந்து ஆளுங்களை எடுத்து, பயிற்சி குடுத்து, சான்றிதழும் குடுத்தாச்சு."

"எங்களைக் கேட்டிருந்தா பயிற்சி இல்லாமலே இருந்திருப்போமே."

"அதான் சிக்கலே!" முனீப்புக்கு இது பலமுறை பேசிப் பழகிய விஷயம். குரல் தானாகவே மேடைக்கு ஏறியது. "அசல் ஆளுங்களை வெச்சு முன்னாடி செஞ்சு பார்த்தோம். பயணி ஒருத்தர் 'உங்க வீடு எது'ன்னு கேட்டா, சுவத்துச் சித்திரத்தைக் காட்டிச் சிரிச்சிட்டு நிறுத்தணும். நிறுத்த மாட்டேங்கிறாங்க. வீடு எங்க போச்சு, யாரு முழுகடிச்சா, எப்போ திரும்ப விடுவீங்கன்னு போய்க்கிட்டே இருக்காங்க. பாரம்பரியம்னா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும். இல்லேன்னா அது அரசியல்."

கூட்டம் கலையப் பார்த்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஃபிக்ரியின் அக்கா நப்ரா எழுந்தாள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. அவள் புருஷன் செத்ததே பதில் சொல்லிச் சலித்துத்தான் என்பார்கள்.

"படகு எதுவரைக்கும் போகும்?"

"கோயிலைத் தாண்டி பெரிய வளைவு வரைக்கும், மேடம்."

கலையப் பார்த்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பெரிய வளைவில்தான் அவர்களுடைய பழைய ஊர் கிடந்தது, தண்ணீருக்கு அடியில். ஊருக்கு மேற்கே இடுகாடு. ஊரைக் காலிசெய்வதற்கு மூன்று வருஷம் முன்னால் அவர்களுடைய அம்மாவை அங்கேதான் புதைத்திருந்தார்கள். ஏரி பாதுகாப்புப் பகுதி. அந்தப் பக்கம் படகு விட இவர்களுக்கு யாரும் அனுமதி தந்ததில்லை. மீன் பிடிக்கிற கம்பெனிக்கு உண்டு, மேலே வந்து நின்று தாய்க்கு ஒரு ஃபாத்திஹா ஓதப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

"நாங்க வர்றோம்" என்றாள் நப்ரா. "என்ன வேஷம் வேணும்னாலும் கட்டிவிடுங்க."

*

குறித்த நாளில் விடிந்ததும் பஸ் வந்தது. ஏறும்போதே ஆளுக்கொரு தொப்பி, படம் எடுக்காத ஒரு கேமரா, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடு. ஃபிக்ரிக்கு டென்மார்க் கிடைத்தது. நப்ராவுக்கு பெல்ஜியம். கடைசி இருக்கையில் ஊர் இமாமுக்கு ஸ்பெயினைக் கொடுத்திருந்தார்கள்.

வழிகாட்டி ரிஹாம் சின்னப் பெண். ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். அவள் ஆளுக்கொரு வெள்ளைக் குழாயை நீட்டினாள்.

"இது என்னம்மா?" என்றாள் நப்ரா.

"வெயில் படாம இருக்கப் பூசிக்கிறது, அம்மா. பயணிங்க எல்லாரும் பூசணும்னு விதியில இருக்கு. தோல் கறுத்துடக் கூடாதாம்."

"அடி என் தங்கமே, இதுக்கு மேல சூரியனால என்னை என்ன செஞ்சிர முடியும்?"

பஸ்ஸே சிரித்தது. முன்னிருக்கையில் இருந்த முனீப் எழுந்து நின்றார். "தயவுசெஞ்சு நூபிய மொழியில சிரிக்காதீங்க" என்றார்.

பிறகு ரிஹாம் எல்லாருக்கும் நூபிய மொழியில் வரவேற்புச் சொல் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு எழுதிக்கொடுத்தவர்கள் எப்படி எழுதிக்கொடுத்தார்களோ, அவள் வாயில் அது 'உன் கழுதைக்குக் காய்ச்சலா' என்பதுபோல வந்தது. நப்ரா திருத்தினாள்.

"பெல்ஜியம் திருத்தக் கூடாது!" என்றார் முனீப்.

நாற்பது கிழவர்களும் கிழவிகளும் கழுதையின் காய்ச்சலை விசாரித்துக்கொண்டே அஸ்வான் போய்ச் சேர்ந்தார்கள்.

நூபிய வீடு ஏரிக்கரையில் புதிதாகக் கட்டியிருந்தது. நீலச் சுவர், வாசலுக்கு மேல் சீனத் தட்டுகள் பதித்து, முதலைத் தலை மாட்டி, எல்லாம் இருந்தது. உதவிச் செயலர் லுத்ஃபி பே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். பெருத்த உடம்பு. நல்ல மனிதர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"எனக்கு நூபியான்னா உயிர்" என்று அவர் உரையைத் தொடங்கினார். "எங்க வீட்டுச் சமையல்காரர் நூபியாக்காரர்தான். நான் பொறந்ததிலேர்ந்து இருந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர். அவ்வளவு நேர்மை, அவ்வளவு சுத்தம். சாகும்போதுகூடத் தொந்தரவு குடுக்கலை, சமையல்கட்டுலயே முடிஞ்சிருச்சு. அவர் பேரு…" விதையைத் துப்பிவிட்டு யோசித்தார். "பேருல என்ன இருக்கு! அந்தப் பண்புதான் பாரம்பரியம்."

எல்லாரும் கைதட்டினார்கள். பயணிகளுக்கு அது கட்டாயம்.

உள்ளே வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக ஓர் இளைஞன் செம்பருத்தித் தேநீர் ஊற்றினான். "எங்கள் முன்னோர்கள் இந்த வீட்டில்தான் வாழ்ந்தார்கள்" என்றான்.

"எந்த ஊரு, தம்பி?" என்றார் ஃபிக்ரி மெதுவாக.

"ஷுப்ரா, ஹாஜ். கெய்ரோவுல" என்று அவனும் மெதுவாகச் சொன்னான். "சரியா செய்றேனா? நீங்க அசல்னு கேள்விப்பட்டேன். கை கால் உதறுது."

"நல்லா ஊத்துறே. சர்க்கரை மட்டும் இன்னும் போடு."

மூலையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கறுப்புச் சாயம் வேர்வையில் கழுத்தோரம் ஒழுகிக்கொண்டிருந்தது. உதவிச் செயலர் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் நப்ரா தலைத்துணி முனையால் அதை ஒற்றி எடுத்தாள். "பயப்படாதே. எனக்கு வழியாதது உனக்கு வழியுது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டே, "அம்மா, இந்த வீட்டுக்குள்ள தினமும் ஈர வாடை அடிக்குது. சுவரு காய மாட்டேங்குது. சொன்னா அது பாரம்பரிய வாடைன்னு சொல்றாங்க" என்றாள்.

நப்ரா சுவரில் கை வைத்துப் பார்த்தாள். மழையே காணாத அந்தச் சீமையில், கை நனைந்து வந்தது. துணியில் துடைத்துக்கொண்டாள்.

நண்பகலில் கோயில். ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் இருந்த அதை, தண்ணீர் ஏறுவதற்கு முன் அறுத்து மேட்டில் தூக்கி வைத்திருந்தார்கள். இந்த இடத்துக்கு ரிஹாமிடமிருந்து ஒலிபெருக்கியை முனீப்பே வாங்கிக்கொண்டார்.

"ஒவ்வொரு கல்லையும் அறுத்தோம். ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டோம். வைக்கோல்ல பொதிஞ்சு, துணி சுத்தி, புதுசாப் பொறந்த குழந்தையைத் தூக்குற மாதிரித் தூக்கிட்டு வந்தோம். உலகமே ஓடி வந்து உதவுச்சு. வழியில ஒரு கல்லுக்குக்கூடக் கீறல் விழலை!"

"எங்களையும் அந்த வருஷந்தான் கொண்டுபோனாங்க" என்றாள் நப்ரா. "வீடு கட்டி முடியலை, தண்ணிக் குழாய் வரலை. வந்த முதல் கோடையில எங்க தெருவுல தொட்டில்ல கிடந்த பிள்ளை ஒண்ணுகூட மிஞ்சலை. எங்களையும் கொஞ்சம் வைக்கோல்ல பொதிஞ்சிருக்கலாம்."

முனீப் ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார். "பெல்ஜியத்துக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லையே, மேடம்" என்றார் பணிவாக.

*

வெயில் தாழ்ந்தபோது படகு கிளம்பியது. இரண்டு தட்டுப் படகு. மேல்தட்டில் உதவிச் செயலர், அவருக்குக் குடை பிடிக்க ஆள், முனீப். கீழ்த்தட்டில் ஐரோப்பா.

ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. காற்று இல்லை. ரிஹாம் தாளைப் பார்த்து வாசித்தாள்: "இடப்பக்கம் கோயில். வலப்பக்கம் தண்ணீர். தண்ணீரில் பார்க்க ஒன்றுமில்லை. தயவுசெய்து இடப்பக்கம் பாருங்கள்." நாற்பது பேரும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் தாளை மடித்து வைத்துவிட்டுத் தானும் வலப்பக்கம் பார்த்தாள்.

பெரிய வளைவு நெருங்கியது. இதற்குக் கீழேதான் பள்ளிவாசல், இதற்குக் கீழேதான் இரட்டைப் பேரீச்சை என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது ஒரு நாய் குரைத்தது.

கரை வெகுதூரத்தில் மணலும் பாறையுமாகக் கிடந்தது. அங்கே உயிர் எதுவும் இல்லை. குரைப்பு அங்கிருந்து வரவுமில்லை. தண்ணீர்மேல், கூப்பிடு தூரத்தில், பழைய ஆற்றங்கரை இருந்திருக்க வேண்டிய கோட்டிலிருந்து வந்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஓர் ஊர் நாய்கள் மொத்தமும் குரைத்தன. படகு போகப் போக அந்தக் குரைப்பும் கூடவே ஓடி வந்தது.

ஃபிக்ரி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எட்டு வயதில் அவர் இதைக் கேட்டிருக்கிறார். நீராவிக் கப்பலில் ஊரையே ஏற்றினார்கள். ஆடு ஏற இடம் இருந்தது, கோழிக்கூண்டு வைக்க இடம் இருந்தது. நாய்களுக்கு இடமில்லை என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டார். கப்பல் நகர்ந்ததும் நாய்கள் கரையோரம் ஓடி வந்தன. முதலில் விளையாட்டென்றுதான் நினைத்தன போலிருக்கிறது, வாலை ஆட்டிக்கொண்டேதான் ஓடின. அவர் வளர்த்த ஃபில்ஃபில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. மிளகு நிறம், அதனால் ஃபில்ஃபில் என்று மிளகின் பெயர். கரை முடிந்து பாறை எழும்புகிற இடத்தில் அவை நின்றன. அங்கிருந்து குரைத்தது வளைவு திரும்பிய பிறகும் கேட்டது. கப்பலில் பெரியவர்கள் அன்றைக்குத்தான் அழுதார்கள். வீட்டைப் பூட்டும்போது அழவில்லை.

"அக்கா" என்றார் ஃபிக்ரி.

"கேக்குதுடா" என்றாள் நப்ரா. அவள் கண்ணை மூடியிருந்தாள். "நமக்கு மட்டுமா கேக்குது? அந்த மேல இருக்கிறவனைப் பாரு."

முனீப் முகத்தில் ரத்தமே இல்லை. படியிறங்கி வந்து அறிவித்தார்: "இந்தப் பகுதியில் நாய்கள் கிடையாது. வாரியம் முறைப்படி கணக்கெடுத்திருக்கு. நிகழ்ச்சி நிரல்லயும் நாய் இல்லை. யாருக்காவது ஏதாவது கேட்டா, அது கேக்கலைன்னு வெச்சுக்கணும்."

மேலேயிருந்து உதவிச் செயலரின் குரல் வந்தது. "முனீப்! அபாரம்யா! மயிர்க்கூச்செறியுது! ஒலிபெருக்கியெல்லாம் எங்கே வெச்சிருக்கீங்க? ஒண்ணுமே தெரியலையே!"

முனீப் ஒரு கணம்தான் தயங்கினார். இருபத்தைந்து வருஷ அரசுப் பணி அவருக்குக் கைகொடுத்தது.

"மறைவா வெச்சிருக்கோம், பே" என்றார். "பயணிகளுக்குத் தெரியக் கூடாதுன்னு."

"பிரமாதம். ஆனா சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. காதைக் குடையுது. குறைக்கச் சொல்லுங்க."

"இதோ, பே."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குறைப்பதற்கு எதுவும் இல்லை. குரைப்பு இப்போது படகுக்கு வெகு அருகில் வந்திருந்தது. தண்ணீர் மட்டும் அசையாமல் கிடந்தது. கடைசியில் அவர் ஃபிக்ரியின் காதருகே குனிந்தார்.

"ஹாஜ்… அதுங்க… உங்க பேச்சைக் கேக்குமா?"

"எதுங்க, டாக்டர்? இங்கதான் ஒண்ணும் இல்லையே."

"இந்த நேரத்துல விளையாடாதீங்க, ஹாஜ். எனக்கு மூணு பொண்ணுங்க."

நப்ரா கண்ணைத் திறந்தாள். "படகை நிறுத்துங்க" என்றாள். "நாங்க எங்க அம்மாவுக்கு ஃபாத்திஹா ஓதணும். ஓதி முடிச்சதும் இவன் கூப்பிட்டுப் பார்ப்பான்."

"பெல்ஜியம் எப்படி மேடம் ஃபாத்திஹா…"

"அப்போ நீங்களே போய் அதட்டுங்க."

எஞ்சின் நின்றது. நாற்பது பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஸ்பெயின் தொடங்கி வைக்க, எல்லாரும் கைகளை விரித்து ஓதினார்கள். ரிஹாமும் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓதினாள். அவரவர் அவரவர் ஆட்களை நினைத்துக்கொண்டார்கள். நப்ரா மட்டும் வாய்விட்டு, "அம்மா, நப்ரா வந்திருக்கேன், ஃபிக்ரியும் வந்திருக்கான், அவனுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு, பார்த்தா உனக்கு அடையாளம் தெரியாது" என்றாள். அவள் பேசி முடிகிற வரைக்கும் குரைப்பு அடங்கியிருந்தது. மேல்தட்டில் உதவிச் செயலர் உணர்ச்சிவசப்பட்டுக் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். "ஐரோப்பாக்காரங்களே ஓத ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க! அதான் நம்ம பாரம்பரியத்தோட சக்தி. இதை நிரந்தரமாச் சேர்த்துக்கோங்க, முனீப்."

ஃபிக்ரி படகின் ஓரத்தில் குனிந்தார். ஐம்பது வருஷமாகச் சொல்லாத பெயர்.

"ஃபில்ஃபில்!"

ஒரே ஒரு குரைப்பு பதிலாக வந்தது. படகுக்கு நேர் அடியிலிருந்து. பிறகு படகின் பக்கப் பலகையில் பிறாண்டுகிற சத்தம்: தூக்கிக்கொள் என்று நாய் முன்காலை வைத்துப் பிறாண்டுமே, அதே சத்தம். ஒரு பலகையில் தொடங்கி எல்லாப் பலகைகளிலும் கேட்டது. முனீப் பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டார்.

"வா" என்றார் ஃபிக்ரி. வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "வாங்க. எல்லாரும் வாங்க."

படகு திரும்பியது. அதன் பின்னால், காற்றில்லாத ஏரியில், சின்னச் சின்ன அலைக்கோடுகள் ஆப்பு வடிவில் விரிந்து வந்தன. தலையைத் தூக்கி நீந்துகிற பிராணிக்குப் பின்னால் விரிகிற மாதிரிக் கோடுகள். தலை மட்டும் எதிலும் இல்லை. கரைவரைக்கும் அவை விடவில்லை.

*

படித்துறையின் சிமெண்டுப் படிகள் காய்ந்து கிடந்தன. பயணிகள் இறங்கி மேலே போன பிறகு அந்தப் படிகளில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. நாலு விரல், நடுவே ஒரு திண்டு. பத்தல்ல, இருபதல்ல. படி முழுவதும் நனைந்தது. தடங்கள் மேலேறி, வாகன நிறுத்தத்தைக் கடந்து, பஸ்ஸின் கதவு முன்னால் வந்து நின்றன. அங்கே நீர் சொட்டிக் குட்டையானது.

பஸ்ஸின் கதவில் 'பிராணிகளுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. டிரைவர் தடங்களைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், கதவைச் சாத்திக்கொண்டான்.

வெளியே ஒரு முனகல் எழுந்தது. உள்ளே ஏறிவிட்ட ஃபிக்ரி அதைக் கேட்டார். எழுந்து போய்க் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி, கீழே இறங்கி நின்றுகொண்டார். அவரைத் தொடர்ந்து நப்ரா இறங்கினாள், பிறகு இமாம், பிறகு எல்லாரும். டென்மார்க், பெல்ஜியம் எல்லா அட்டைகளும் தரையில் கிடந்தன.

முனீப் ஓடி வந்தார். "ஹாஜ், என்ன இது? பே சாப்பாட்டுக்குக் காத்திருக்கார். நீங்க கிளம்பினாத்தான் அவர் கிளம்ப முடியும். பயணிகளை வழியனுப்புறது நிகழ்ச்சியில கடைசி!"

"இவங்களும் வருவாங்க, டாக்டர். இல்லேன்னா நாங்களும் போகலை."

"எவங்க?"

ஃபிக்ரி தரையைக் காட்டினார். "போன தடவை விட்டுட்டுப் போனோம். அன்னிக்கு எனக்கு எட்டு வயசு, என் பேச்சை யாரும் கேக்கலை. இன்னிக்கு அந்தத் தப்பு நடக்காது."

"ஹாஜ், புரிஞ்சுக்கோங்க. நாய் ஏத்த விதி இல்லை. அதுலயும் இது இல்லாத நாய். இல்லாத நாயை ஏத்துறதுக்கு எந்தத் துறையில விதி இருக்கு?"

"இல்லாத நாயைத் தடுக்கிறதுக்கு மட்டும் இருக்கா?" என்றாள் நப்ரா.

முனீப் வாயைத் திறந்தார். இதற்குப் பதில் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அதற்குள் காருக்குள்ளிருந்து உதவிச் செயலர் தலையை நீட்டினார். "ஏன் முனீப், பயணிங்க ஏற மாட்டேங்கிறாங்க?"

"நூபியாவை விட்டுப் போக மனசு வரலையாம், பே."

"அடடா!" என்றார் லுத்ஃபி பே. அவர் கண் நிறைந்துவிட்டது. "ஒப்புதல் குடுத்தாச்சுன்னு வெச்சுக்கோங்க."

கதவு திறந்தது. ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. படிக்கட்டு நனைவது தெரிந்தது, பஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்தில் அழுந்துவது தெரிந்தது. எல்லாம் ஏறி முடித்த பிறகு கிழவர்களும் கிழவிகளும் காலைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், கீழே இடம் விட்டு. உள்ளே ஈர ரோமத்தின் வாடை.

ரிஹாம் நப்ராவுக்குப் பக்கத்து ஜன்னலோர இருக்கையில் உட்காரப் போனாள். நப்ரா கையை வைத்து மறித்தாள்.

"ஆள் இருக்கும்மா" என்றாள்.

ரிஹாம் அந்த வெறும் இருக்கையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்த ஃபிக்ரி அந்த இருக்கையைப் பார்க்கவே துணியவில்லை. வழி நெடுக நப்ரா ஜன்னல் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், இது ரயில் பாதை அம்மா, இது சர்க்கரை ஆலை, இதெல்லாம் கரும்பு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊருக்குள் பஸ் நுழைந்தபோது தெருநாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வரிசையாக எழுந்து நின்று வழிவிட்டன. ஃபிக்ரி தன் வீட்டுக் கதவைத் திறந்தார். ஒரு மனிதன் உள்ளே நுழைவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட அதிக நேரம் அதைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றார்.

*

சுற்றுலாவுக்கு ஒப்புதல் வந்து ஒரு வாரம் கழித்து முனீப் மறுபடி வந்தார். இந்தத் தடவை தனியாக. ஃபிக்ரி முற்றத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜைக் கழற்றிப் போட்டிருந்தார். நப்ரா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹாஜ், வாரியத்தோட முடிவைச் சொல்ல வந்திருக்கேன்" என்று அவர் நின்றபடியே ஆரம்பித்தார். "அந்தக் குரைப்பு அம்பது வருஷத்துக்கு மேல ஏரியிலேயே இருந்திருக்கு. ஆகவே அது தேசத்தோட சொத்து. தனியார் வீட்டுல வெச்சுக்கச் சட்டத்துல இடமில்லை. அதைத் திருப்பிக் குடுத்துடணும்."

"உக்காருங்க, டாக்டர். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஒலிபெருக்கி வெச்சுப் பார்த்தோம்" என்றார் முனீப், உட்காராமல். "கெய்ரோவுல ஒரு நாயைப் பதிவு பண்ணிக் கொண்டாந்தோம். சரியா வரலை. பே கோபமா இருக்கார். முதல்ல இருந்தது எங்கேன்னு கேக்குறார்."

"அது ஃபில்ஃபில் இஷ்டம். கூப்பிட்டுப் பாருங்க. வந்தா கூட்டிட்டுப் போங்க."

முனீப் காலி முற்றத்தைப் பார்த்தார். சுவரோரம் ஒரு தட்டில் ரொட்டித் துண்டுகளும் பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீரும் இருந்தன. அவர் தொண்டையைச் செருமி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தைத் தொடங்கி வைக்கிற குரலில், "ஃபில்ஃபில்" என்றார்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் வந்தது. ஆழமான, அவசரமில்லாத உறுமல். அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"நாய்க்கு விருப்பமில்லைன்னு தெரிவிச்சிருக்கறதா எழுதிக்கிறேன்" என்றார், சுவரை விடாமல்.

நப்ரா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் உறுமலுக்கான பயம் மட்டும் இல்லை. ராத்தூக்கம் கெட்டவனின் முகம் அது. "என்ன டாக்டர்?" என்றாள்.

முனீப் பெஞ்சில் உட்கார்ந்தார், அதற்கடியில் என்ன இருக்கிறது என்பதையே மறந்து.

"இப்போ படகு அங்கே போனா ஒரு சத்தமும் இல்லை, மேடம். ஒண்ணுமே இல்லை. அது என்னால தாங்க முடியலை. முன்னாடியாவது பரவாயில்லை."

"முன்னாடின்னா?" ஃபிக்ரி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "நீங்க எங்க கூட வந்தது ஒரு நாள்தானே?"

"நான் வேலையில சேர்ந்த வருஷத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருந்துச்சு, ஹாஜ். அந்த வளைவுல எல்லாருக்குந்தான் கேட்டுச்சு. எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் கேட்டுச்சு, அவருக்கு முன்னாடி இருந்தவருக்கும். ஒவ்வொரு வருஷமும் கணக்கெடுக்கப் போவோம். எல்லாரும் கேட்டுக்கிட்டே நிப்போம். நிகழ்ச்சியில இல்லாததால, இல்லைன்னு எழுதிட்டு வருவோம்."

பெஞ்சுக்கு அடியில் உறுமல் நின்று, ஏதோ ஒன்று சோம்பல் முறித்துப் படுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. முனீப் மெல்லத் தன் கால்களை நகர்த்தி அதற்கு இடம் விட்டார்.